அவுரி நீலமும் ஆப்பிரிக்கக் கடனும்



சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை அமைந்துள்ளது. நம் முன்னோர் அதனை மஹ்மூது பந்தர் என்றழைத்தனர். மரக்காயர்களின் மரக்கலங்கள் நின்ற அத்துறைக்குப் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோரும் துணி வாங்க வந்தனர். 1690இல் ஆங்கிலக் கம்பெனி தேவனாம்பட்டினக் கோட்டையை விலைக்கு வாங்கிக் கடலூரில் வேரூன்றியதற்கும் துணி வணிகம் ஒரு முக்கியக் காரணமாகும்.

இக்கடற்கரையில் நெய்து, அவுரியில் தோய்த்த நீலத்துணி ஐரோப்பா வழியாக மேற்கு ஆப்பிரிக்காவை அடைந்தது. அங்கே அது மனிதர்களை அடிமைகளாக விலைக்கு வாங்கவும் பயன்பட்டது. தறியில் அமர்ந்து நேர்மையாக உழைத்த நெசவாளி இதனை அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் வரலாறு அதனை மறைக்கவில்லை.

பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டு சென்ற இத்துணிக்குக் 'கினி' என்று பெயர். செனகல் ஆற்றங்கரையில் அதுவே நாணயமாக வழங்கியது. வேலம்பிசினின் விலையைக் கினித் துணியைக் கொண்டே கணக்கிட்டனர். ஐரோப்பிய ஆலைகள் போலிகளை நெய்து அனுப்பியபோதும், மக்கள் அசல் துணியை அதன் மணத்தைக் கொண்டே இனங்கண்டனர். 1830களின் பிற்பகுதியில் துணி அளவுக்கு மீறி இறக்குமதியானது. அதன் மதிப்புச் சரிந்தது. துணியைக் கடனாகப் பெற்று ஆற்றங்கரையில் விற்றுவந்த உள்ளூர் வணிகர்கள், பிரெஞ்சு முதலாளிகளிடம் மீள முடியாக் கடனில் ஆழ்ந்தனர்.

இன்று ஆப்பிரிக்காவில் சாலைகளும் இருப்புப்பாதைகளும் துறைமுகங்களும் எழுகின்றன. சீனாவும் இந்தியாவும் கடன் வழங்குகின்றன. 2023 செப்டம்பரில் புதுதில்லியில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஜி20 அமைப்பில் நிரந்தர உறுப்பினராயிற்று. இவை நல்ல மாற்றங்களே. எனினும், 2020இல் ஜாம்பியா வெளிநாட்டுக் கடன் தவணையைச் செலுத்த இயலாமல் தவறியது. சீனாவும் பிரான்சும் தலைமை வகித்த கடன்கொடுத்தோர் குழு அவகாசம் அளிக்க இசைவதற்கு 2023 ஜூன் வரை சென்றது.

கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் பணிக்கிறது. தள்ளுபடி செய்வது அதனினும் சிறந்தது என்கிறது. கடைத்தெருவில் ஒரு வணிகருக்குப் பொருந்தும் அந்நீதி, கடல் கடந்து கடன் கொடுக்கும் நாடுகளுக்கும் பொருந்தும். அன்று நம் துணி எதற்குப் பயன்பட்டது என்பதை நாம் அறியவில்லை. இன்று நம் நாட்டின் பணம் எவ்வாறு பயன்படுகிறது என்பதை அறிய நமக்கு வழியுண்டு. ஆகவே கேட்கும் பொறுப்பும் உண்டு.