உயிரணு காலூன்றும் தரை

ஆய்வுக்கூடத்தில் ஒரு காயத்தை உண்டாக்குவது மிக எளிது. தட்டின் அடியில் உயிரணுக்கள் பாய் விரித்தாற்போல் ஒற்றை அடுக்காகப் பரவி நிற்கும். பிப்பெட்டின் முனையால் அதன் குறுக்கே ஒரு கோடு கிழித்தால் நடுவில் வெற்று வழி தோன்றும். இரு கரைகளிலிருந்தும் உயிரணுக்கள் நகர்ந்து வந்து அதை மூட எத்தனை மணி நேரமாயிற்று என்று பார்ப்பார்கள். காயம் ஆறுவதை ஆராய்வோர் இன்றும் கையாளும் 'கீறல் சோதனை' இதுதான். ஆனால் அவ்வுயிரணுக்கள் எதன்மீது நடந்தன என்ற கேள்விக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

1907இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராஸ் ஹாரிசன், தவளைக் கருவின் நரம்புத் திசுத் துணுக்கொன்றை நிணநீர்த் துளியில் வைத்துக் கண்ணாடியின் அடியில் தொங்கவிட்டார். நிணநீர் உறைந்தது, அதனூடே நரம்பிழைகள் வளர்ந்தன. உடலுக்கு வெளியே திசுவை வளர்க்கும் கலை பிறந்த தருணங்களுள் இது ஒன்று. பின்னர் அவர் சிலந்தி இழைகளை வைத்துச் சோதித்தார். உயிரணுக்கள் அவ்விழைகளைப் பற்றி அவற்றின் வழியே நீண்டு நகர்ந்ததை 1914இல் விரிவாக எழுதினார். உயிரணு நீந்துவதன்று, பற்றி ஊர்வது என்பது அப்போதே புலப்பட்டது.

1956இல் எர்மனும், ஹீலா உயிரணுக்களை வளர்த்துப் புகழ்பெற்ற ஜார்ஜ் கையும், எலிவாலிலிருந்து எடுத்த கொலாஜெனை ஒளி ஊடுருவும் கூழாக்கி அதன்மேல் உயிரணுக்களை வளர்த்தனர். பிறகு கண்ணாடியின் இடத்தைப் பாலிஸ்டைரீன் பிடித்தது. நீரை ஒட்டவிடாத அதன் மேற்பரப்பை மின்முறையில் பதப்படுத்தினால்தான் உயிரணுக்கள் நன்றாக ஒட்டும். அப்போதும் அவை பிளாஸ்டிக்கை நேரே பற்றுவதில்லை. வளர்ப்பு ஊடகத்திலுள்ள சீரத்தின் புரதங்கள் முதலில் படிகின்றன. அப்படிவின் மீதே உயிரணு காலூன்றுகிறது. பூச்சே இல்லை என்று நாம் எண்ணும் தட்டிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது.

அப்புரதங்களுள் ஒன்று ஃபைப்ரோநெக்டின். 1970களில் ரிச்சர்ட் ஹைன்ஸ், எர்க்கி ரூஸ்லாத்தி முதலியோரின் ஆய்வுகள் அதை அடையாளம் காட்டின. 2000க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த அந்த நெடுஞ்சங்கிலியில், உயிரணு பற்றும் இடத்தின் சாரம் மூன்றே அமினோ அமிலங்கள் என்பதை 1984இல் பியர்ஷ்பாக்கரும் ரூஸ்லாத்தியும் வெளியிட்டனர். அதைப் பற்றும் உயிரணுவின் கைகளுக்கு 1986இல் 'இன்டெக்ரின்' என்று பெயரிடப்பட்டது. 2022இல் ஹைன்ஸும் ரூஸ்லாத்தியும் டிமோத்தி ஸ்பிரிங்கரும் லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டனர்.

அப்படியானால் பூச்சு அடர அடர உயிரணு விரைந்து ஓடும் என்று தோன்றலாம். 1997இல் பாலெசெக் குழுவினரின் ஆய்வு அவ்வாறன்று எனக் காட்டியது. பாசி படிந்த படியில் கால் வழுக்கும். முழங்கால் சேற்றிலோ புதைந்த காலை எடுக்க முடியாது. உயிரணுவின் நிலையும் இதுதான். பிடிப்பு இடைப்பட்ட அளவில் இருக்கையில் அதன் வேகம் உச்சம் பெறுகிறது.

இதை மனத்தில் கொண்டு கீறல் சோதனைக்குத் திரும்புவோம். பிப்பெட் முனை உயிரணுக்களை மட்டுமா அகற்றுகிறது? அடியிலிருக்கும் பூச்சையும் அது சுரண்டிவிடக்கூடும். அப்போது வழி மெதுவாக மூடுமானால், குறை மருந்தினுடையதா தரையினுடையதா என்று எப்படிச் சொல்வது? முன்கூட்டியே ஒரு தடுப்பை வைத்து உயிரணுக்களை வளர்த்து, பின் அத்தடுப்பை மெல்ல எடுத்துவிடும் முறைகளின் பயன் இங்கேதான் விளங்குகிறது.

உடலும் தன் காயத்துக்குத் தானே பூச்சிடுகிறது. உறைந்த குருதியின் ஃபைப்ரின் வலையும் ஃபைப்ரோநெக்டினும் சேர்ந்த தற்காலிகத் தரை அது. நாட்பட்ட புண்களில் கசியும் நீரில் ஃபைப்ரோநெக்டின் சிதைந்து கிடப்பதை 1992இல் கிரின்னல் குழுவினர் கண்டறிந்தனர். ஆறாத புண்ணில் உயிரணுக்கள் வரத் தயங்குவதற்கு அவற்றின் சோர்வு மட்டுமே காரணமன்று. வந்து நிற்க அங்கே தரை இல்லாமலும் போகலாம். ஆய்வுக்கூடத் தட்டின் பூச்சைப் பற்றிய இந்தக் கவலை, நோயாளியின் காலில் ஆண்டுக்கணக்கில் ஆறாதிருக்கும் புண்ணைப் பற்றிய கவலையும்தான்.