ஆயிஷா ரவூப் டீச்சரை மறக்கலாமா?



இரத்மலானையிலிருந்து பஸ் பிடித்து பம்பலப்பிட்டி முஸ்லிம் மகளிர் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் அதன் முதல் அதிபர் யார் என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள்.

அவர் ஆயிஷா ரவூப். 1917இல் மலபாரின் தலச்சேரியில் பிறந்தவர். அந்தப் பகுதி முஸ்லிம் பெண்களில் முதலில் பட்டம் பெற்றவர்களில் ஒருவர். இலங்கையரை நிக்காஹ் செய்து 1940களில் கொழும்புக்கு வந்தார். பெண்பிள்ளை பெரிய பிள்ளையானதும் படிப்பை நிறுத்திவிடும் வீடுகளே அன்று நம்மில் அதிகம். 1946இல் தொடங்கிய கல்லூரியை ஏறக்குறைய கால் நூற்றாண்டு அதிபராக இருந்து வளர்த்தார். இடையில் 1949இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவாகி, பின்னர் பிரதி மேயரும் ஆனார்.

பதவிகளைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எங்களுக்குப் பெரிதாகப் படுவது, ஓய்வுபெற்ற பிறகும் ஸாம்பியா வரை போய்ப் படிப்பித்ததுதான். 1992இல் வஃபாத்தானார்.

அவரிடம் படித்து டீச்சரானவர்கள் இன்று உம்மம்மாக்கள், வாப்பும்மாக்கள். அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த விடுமுறையில் பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்காரவைத்து, போனில் பதிவுசெய்யச் சொல்லுங்கள். பள்ளிக்கு யார் கூட்டிப்போனார்கள், வீட்டில் யார் வேண்டாம் என்றார்கள், யார் விடாமல் அனுப்பினார்கள் என்று கேட்கட்டும்.