விளையாட்டுப் பொருளுக்கும் நிய்யத் உண்டு



அஸர் தொழுகைக்குப் பின் நொச்சிக்குப்பத்துக் கடற்கரையில் சிறிது நேரம் நின்றால், சிறுவர்களின் கைத்தொழிலைக் காணலாம். கரையொதுங்கிய தெர்மாகோல் துண்டில் குச்சியை நட்டுப் படகு விடுகிறான் ஒருவன். நுங்கு தின்றபின் எஞ்சிய காய்களைக் குச்சியால் இணைத்து வண்டி ஓட்டுகிறான் மற்றொருவன். விலை கொடுத்து வாங்கிய பொம்மையைவிட, தானே செய்து தானே இயக்கும் பொருளில் அவர்களுக்கு மகிழ்ச்சி மிகுதி.

இக்குப்பத்திற்கு அருகில் வாழும் நம் குடும்பம் ஒன்றில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் ஒருத்தி, பிள்ளைகள் தொட்டும் சுற்றியும் இழுத்தும் விளையாடும் பொருள்களை வடிவமைக்கும் கல்வியைப் பயில விரும்பினாள். அவளுடைய நன்னா கேட்டார்: "பொம்மை செய்றதெல்லாம் ஒரு படிப்பா மா? துன்யாவுக்கும் உதவாது, ஆகிரத்துக்கும் உதவாது." அவர் பேத்தி மீது கொண்ட அக்கறையால் கேட்ட கேள்வி அது. ஆயினும் அதற்கு நம் வரலாற்றில் விடை இருக்கிறது.

முதல் விடை நபி (ஸல்) அவர்களின் இல்லத்திலேயே கிடைக்கிறது. அபூதாவூதில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது. போர்ப் பயணத்திலிருந்து அண்ணலார் திரும்பியிருந்தபோது காற்றில் திரை விலகியது. ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் தென்பட்டன. அவற்றின் நடுவே, துணித்துண்டால் செய்த இரு சிறகுகளுடன் ஒரு குதிரை இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று அண்ணலார் வியந்து வினவினார்கள். சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தனவே என்று அன்னையார் விடையிறுத்தார்கள். அண்ணலார் கடைவாய்ப் பற்கள் தெரியும்படி சிரித்தார்கள். உருவங்களைப் பற்றிக் கண்டிப்பான நிலையுடைய அறிஞர்களிலும் பெரும்பாலோர், சிறாரின் விளையாட்டுப் பொருள்களுக்கு இத்தகைய ஹதீஸ்களைக் கொண்டே விலக்களித்தனர். அந்தத் துணிக்குதிரை ஓடவில்லை, பறக்கவில்லை. எனினும் அது ஒரு கேள்வியை எழுப்பியது, ஒரு நபியின் வரலாற்றை நினைவூட்டியது, ஒரு வீட்டைச் சிரிப்பால் நிறைத்தது.

இந்த வியப்பைக் கலையாகவே வளர்த்தவர்கள் பின்னாளில் தோன்றினர். பக்தாதில் முஹம்மது, அஹ்மது, ஹஸன் என்னும் மூன்று உடன்பிறப்புகள் இருந்தனர். 'பனூ மூஸா' எனப்படும் இவர்கள் கி.பி. 850 அளவில் எழுதிய 'கிதாபுல் ஹியல்' என்னும் நூலில் சுமார் 100 கருவிகள் விளக்கப்பட்டுள்ளன. நீர் ஊற்றுவோரை ஏமாற்றும் குவளைகளும், நீர் பீறிடும் வடிவத்தைத் தானாக மாற்றிக்கொள்ளும் நீரூற்றுகளும் அவற்றுள் அடங்கும். தியார்பகிரில் அர்துகிய மன்னர்களிடம் பணியாற்றிய அல்ஜஸரீ, 1206இல் முடித்த தம் நூலில் 50 கருவிகளை விவரித்தார். அவருடைய யானைக் கடிகாரத்தைப் பலரும் அறிவர். அதனினும் நம் நெஞ்சைத் தொடுவது மற்றொரு கருவி. உளூச் செய்யும்போது பணியாளர் தம் கையில் நீர் வார்ப்பதை மன்னர் விரும்பவில்லை. எனவே தானாக நீர் வார்க்கும் கருவியை அவருக்காகச் செய்ததாக அல்ஜஸரீ குறிப்பிடுகிறார். காண்போருக்கு அது விளையாட்டு; பயன்படுத்துவோருக்கு அது வணக்கத்தின் துணை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். தென்னகத்தில் செய்யப்பட்ட இயங்கு பொருள்களில் உலகப் புகழ் பெற்றது திப்பு சுல்தானின் புலி. 1793 வாக்கில் செய்யப்பட்டதாகக் கணிக்கப்படும் இம்மரப்புலி ஏறத்தாழ 178 செ.மீ. நீளமுடையது. மல்லாந்து கிடக்கும் ஓர் ஐரோப்பியன் மீது அது பாய்ந்து நிற்கிறது. பக்கவாட்டிலுள்ள கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே துருத்திகள் இயங்கும். புலி உறுமும், மனிதன் ஓலமிடுவான், அவனது இடக்கை உயர்ந்து தாழும். புலியின் விலாவில் உள்ள கதவைத் திறந்தால் 18 கட்டைகள் கொண்ட சிறிய இசைக்கருவி ஒன்றும் இருக்கிறது. அதைச் செதுக்கிய தச்சரின் பெயரை வரலாறு காக்கவில்லை.

இத்தகைய கடுமை ஏன் என்பதற்கு விடையின் ஒரு பகுதி நம் சென்னையிலேயே இருக்கிறது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கம்பெனிப் படையை வென்றவர் திப்பு. ஆனால் 1792இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் அவர் தம் நாட்டில் பாதியை இழந்தார். சிறுவர்களான இரு புதல்வர்களைப் பிணையாக ஒப்படைத்தார். 1794இல் திரும்பும்வரை அப்பிள்ளைகள் வைக்கப்பட்டிருந்தது மதராஸில். நொச்சிக்குப்பத்திலிருந்து கடலோரமாக வடக்கே சென்றால் வருகின்ற புனித ஜார்ஜ் கோட்டையே அன்று கம்பெனி ஆட்சியின் இருப்பிடம். பிள்ளைகளைப் பிரிந்த ஒரு தந்தையின் அரண்மனையில் அந்தக் காலத்தில் உருவான பொருளாகவே இப்புலியைக் காண வேண்டும். அந்த உறுமலில் ஓர் அரசனின் வீரம் மட்டுமின்றி, ஒரு தகப்பனின் கோபமும் ஒலித்திருக்கக் கூடும்.

1799 மே 4 அன்று திப்பு போர்க்களத்தில் ஷஹீதானார். புலி லண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1808 முதல் கம்பெனியின் மாளிகையில் மக்கள் காட்சிக்கு வைக்கப்பட்டது. வந்தவரெல்லாம் கைப்பிடியைச் சுற்றினர். அருகிலிருந்த நூலகத்தில் படிப்போர் அதன் ஓலத்தால் அல்லலுற்றனர். பின்னர் அக்கைப்பிடி காணாமற்போய்ச் சில காலம் புலி ஊமையாகவே கிடந்தது. இரண்டாம் உலகப் போரில் சேதமுற்றுப் பழுது பார்க்கப்பட்ட அது, இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. கைபடுவதற்கென்றே செய்யப்பட்ட பொருளைக் கண்ணால் மட்டுமே காண முடிகிறது.

நாம் திப்புவின் புலியைப் பெருமையுடன் பேசுகிறோம், பேசலாம். ஆயினும் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மனிதனின் மரண ஓலத்தை விளையாட்டாக்கிய பொருள் அது. அநீதியால் பிறந்த சினம் என்று அதன் காரணத்தை உணரலாம். அதையே நம் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக வைக்க இயலாது. துணிக்குதிரை சிரிப்பைத் தந்தது, அல்ஜஸரீயின் கருவி உளூவுக்கு நீர் வார்த்தது, மரப்புலி பகையை உறுமியது. மூன்றுமே மனிதக் கை செய்த விளையாட்டுப் பொருள்கள். அவற்றை வேறுபடுத்துவது செய்தவரின், செய்வித்தவரின் நிய்யத்.

எனவே அந்த நன்னாவின் கேள்விக்கு விடை இதுதான்: பொம்மை செய்வது சிறிய வேலையன்று. இன்று நம் நாட்டில் 1961இல் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனம் விளையாட்டுப் பொருள் வடிவமைப்பைத் தனிப் பட்டப் படிப்பாகவே கற்பிக்கிறது. நம் பெண் அதைப் படிக்கட்டும். "என்ன செய்யப் போகிறாய்?" என்று அவளிடம் கேட்பதோடு நில்லாமல், "எந்த எண்ணத்தோடு செய்யப் போகிறாய்?" என்றும் கேட்போம். அவள் செய்யும் பொருளை நொச்சிக்குப்பத்துப் பிள்ளைகள் மதம் பாராது தொட்டுச் சுற்றிச் சிரித்தால், அதில் அவளுக்கு நன்மையுண்டு, இன்ஷா அல்லாஹ்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் கைகளில் பரக்கத்தையும், நெஞ்சங்களில் நல்ல நிய்யத்தையும் அருள்வானாக. ஆமீன்.