சேவற்போரும் சட்டமும்

சேவற்போர் தமிழகத்திற்குப் புதிதன்று. கோழியொன்று யானையைப் பொருது வென்ற நிலமாதலின் உறையூர் 'கோழி' எனப் பெயர் பெற்றதென்பது பழங்கதை. ஆயினும் காலிற் கத்தி கட்டி, பந்தயப் பொருள் வைத்து, ஒன்று மாளுமளவும் பொரவிடுதலை வீரமென்பது பொருந்தாது. கத்தி கட்டுவோன் மனிதனே. குருதி சிந்துவதோ வாயில்லாப் பறவை.

இக்கொடுமையை விலக்கும் 1960 ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்திற்கு வழிகோலியவர் நம் மதுரையிற் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் என்பதை நம்மவருட் பலர் அறியார். மாநிலங்களவையில் அவர் கொணர்ந்த தனி மசோதா, அரசே சட்டம் இயற்றுமென்று நேரு உறுதி கூறியபின் மீட்டுக்கொள்ளப்பட்டது. விலங்குகளைப் பொரவிடுதலும் அதற்கு இடம் நடத்துதலும் அச்சட்டப்படி குற்றமாம்.

தண்டனையோ நகைப்பிற்கிடமானது. 1982 ஆம் ஆண்டுத் திருத்தப்படி முதற் குற்றத்திற்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையே. சேவலின் தீனிச் செலவிற்கும் அது காணாதே! பந்தயத்தில் நிலத்தையும் நகையையும் தோற்பவன் இதற்கு அஞ்சுவனோ?

அலங்காநல்லூர், பாலமேடு ஏறுதழுவுதலைக் காட்டி, 'அதற்குண்டு, இதற்கில்லையோ' என்பாருளர். 2017 இல் தமிழக அரசு இயற்றி, 18-5-2023 இல் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்திய திருத்தம் சல்லிக்கட்டு வகைகளுக்கே உரியது. அங்கே காளையோடு காளை பொருவதில்லை. கத்திகட்டுச் சேவலுக்கு அதில் இடமில்லை.

பந்தயத் தொகையினும் அபராதம் மிகுதல் வேண்டும். 2022 இல் மத்திய அரசு தண்டனையை உயர்த்தும் வரைவொன்றை வெளியிட்டதும் இக்குறை கண்டே. சட்டம் வலுப்பெறுமுன் நம் இல்லங்களிலுள்ள கத்திகளையேனும் களைவோமாக.