எண்ணுகிறவர்களை யார் எண்ணுவது?

இலக்கியப் பரிசு என்றதும் நமக்கு நடுவர் குழுக்களே நினைவுக்கு வரும். நடுவருக்கு வேண்டியவர் யார், வேண்டாதவர் யார் என்ற பேச்சும் கூடவே எழும். நடுவர்களே இல்லாமல் வாசகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சங்கடம் தீர்ந்துவிடுமா? எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வாறு வழங்கப்பட்டுவரும் ஹியூகோ விருதின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

1939-ஆம் ஆண்டு நியூயார்க்கில் அறிவியல் புனைகதை ரசிகர்கள் ஏறத்தாழ இருநூறு பேர் முதல் உலக மாநாட்டை நடத்தினர். 1953-இல் பிலடெல்பியா மாநாட்டில் விருது பிறந்தது. 1926-இல் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழைத் தொடங்கிய ஹியூகோ கெர்ன்ஸ்பேக்கின் பெயரே விருதின் பெயராயிற்று. கட்டணம் செலுத்தி உறுப்பினராகும் எவரும் வாக்களிக்கலாம். மாநாட்டுக்கு நேரில் போக வேண்டியதில்லை. அஞ்சலில் சென்ற வாக்குச்சீட்டு பின்னாளில் இணையத்துக்கு மாறியது.

வாக்களிப்பு இரு கட்டங்களில் நடக்கும். ஒவ்வொரு பிரிவிலும் உறுப்பினர் ஐந்து பெயர்கள் வரை முன்மொழிவார். பின்னர் இறுதிப் பட்டியலை விருப்ப வரிசைப்படுத்துவார். ‘எவருக்கும் பரிசில்லை’ என்பதற்கும் அந்த வரிசையில் இடமுண்டு.

முதற்கட்டத்தில்தான் ஓட்டை இருந்தது. ஆண்டுதோறும் எண்ணற்ற கதைகள் வெளிவருவதால் முன்மொழிவுகள் சிதறிப்போகும். சில நூறு பேர் சொல்லிவைத்து ஒரே ஐந்து பெயர்களை எழுதினால் பட்டியல் முழுவதும் அவர்கள் வசமாகும். 2015-இல் ‘சேட் பப்பீஸ்’, ‘ராபிட் பப்பீஸ்’ என்று தமக்குப் பெயர் சூட்டிக்கொண்ட அணிகள் அதைச் செய்துகாட்டின. விதி எதுவும் மீறப்படவில்லை. இறுதிக் கட்டத்தில் வாக்களித்த 5,950 பேரில் பெரும்பான்மையோர் ஐந்து பிரிவுகளில் ‘எவருக்கும் பரிசில்லை’ என்று தீர்ப்பளித்தனர். அதே ஆண்டு, விலகிக்கொண்ட ஒருவரின் இடத்தில் பட்டியலுக்குள் வந்த லியூ சிஷினின் ‘தி த்ரீ பாடி ப்ராப்ளம்’ நாவல் பரிசை வென்றது. மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று இப்பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை.

ஓட்டையை அடைக்க உறுப்பினர்கள் புதிய கணக்கு ஒன்றை வகுத்தனர். ஒருவர் ஐந்து பெயர்களை எழுதினாலும் அவருக்கு உள்ளது ஒரே புள்ளி. அது ஐந்தாகப் பிரியும். பட்டியலிலிருந்து ஒரு பெயர் விழுந்தால் அதன் பங்கு எஞ்சியவற்றுக்குச் சேரும். அணியாகத் திரள்வோரின் பலம் இதனால் கரைந்துவிடும். விதியை மாற்ற அடுத்தடுத்த இரண்டு மாநாடுகளின் ஒப்புதல் தேவை என்பதால் 2017-இல்தான் இது நடைமுறைக்கு வந்தது.

ஆனால் அடுத்த கேடு உள்ளிருந்தே வந்தது. 2023-இல் சீனத்தின் செங்டு நகரில் மாநாடு நடந்தது. 2024 ஜனவரியில் வெளியான புள்ளிவிவரத்தில், போதிய முன்மொழிவுகள் பெற்றிருந்த ஆர். எஃப். குவாங்கின் ‘பேபல்’ நாவல் ‘தகுதியற்றது’ எனக் குறிக்கப்பட்டிருந்தது, காரணம் தரப்படவில்லை. அடுத்த மாதம் கசிந்த கடிதங்கள், எழுத்தாளர்களின் அரசியல் கருத்துகளை விருது நிர்வாகத்தினரே துருவி ஆராய்ந்திருந்ததை வெளிப்படுத்தின. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

அடுத்து வந்த கிளாஸ்கோ மாநாட்டினர் 2024 ஜூலையில், பதிவான 3,813 வாக்குகளில் 377 செல்லாதவை என்று தாங்களே முன்வந்து அறிவித்தனர். முதலெழுத்து மட்டும் அகரவரிசையில் மாறும் பெயர்கள், அடுத்தடுத்த எண்களையே பெயராகக் கொண்டவர்கள் என வாக்காளர் வரிசை விசித்திரமாக இருந்தது. அவ்வாக்குகளால் பயனடையக்கூடியவரின் பெயரை அவர்கள் வெளியிடவில்லை. அவருக்கு இது தெரிந்திருந்தது என்பதற்குச் சான்றில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

செங்டுவிலும் கிளாஸ்கோவிலும் வாக்குகள் நீக்கப்பட்டன. ஓரிடத்தில் அது மோசடியாகவும் மற்றோரிடத்தில் நேர்மையாகவும் நம் கண்ணுக்குப் படுவதேன்? காரணத்தை உறுப்பினர்முன் வைத்ததுதான் வேறுபாடு. 2017-இன் கணக்கு அணிகளைத் தடுத்தது. எண்ணுகிறவரின் கையைத் தடுக்க எந்தக் கணக்காலும் இயலவில்லை. செங்டுவின் முறைகேட்டைக் காட்டிக்கொடுத்தது வெளியிட்டே ஆகவேண்டியிருந்த அந்தப் புள்ளிவிவரம்தான். நம் ஊர்ப் பரிசுகளுக்கும் அப்படியொரு பட்டியல் இருந்தால், நமது முணுமுணுப்புகளில் பாதிக்கேனும் விடை கிடைத்திருக்கும்.