பாம்பன் தூக்குப்பாலம்: பழுது கண்டறிந்த வரலாறு

பாம்பன் தூக்குப்பாலம், மண்டபத்தையும் ராமேஸ்வரம் தீவையும் இணைத்த பழைய ரயில் பாலத்தின் திறந்து மூடும் பகுதி. 1914 முதல் 2022 வரை இதன் மேல் ரயில்கள் ஓடின. புயலில் சிதைந்த பாலம் சில வாரங்களில் சீரானது. உள்ளே மெல்ல வளர்ந்த பழுதோ பாலத்தின் ஓய்வுக்கே காரணமாயிற்று.

அமைப்பு

கட்டுமானம் 1911-ல் தொடங்கியது. பிப்ரவரி 24, 1914 அன்று பாலம் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2.06 கி.மீ. கப்பல்கள் கடக்கும் பகுதி, அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் ஷெர்சர் வடிவமைத்த வகையைச் சேர்ந்தது. இரண்டு இரும்பு இறக்கைகள் நடுவில் சந்திக்கும். ஒவ்வொன்றின் பின்முனையும் பிறைபோல் வளைந்தது. அது பின்னோக்கி உருளும்போது இறக்கை மேலெழும். ஊழியர்கள் கையால் இயக்கியே இதைத் திறந்தனர்.

அசையும் உறுப்பே இங்கு ரயிலின் சுமையையும் தாங்கியது. எனவே தேய்மானமும் துருவும் ரயில் கடக்கும்போது அதிர்வாக வெளிப்படும்.

கண்ணுக்குத் தெரிந்த சேதம்

டிசம்பர் 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தது; பாலத்தின் பல கர்டர்கள் கடலில் விழுந்தன. சேதம் எங்கே என்பதில் ஐயமில்லை. ஈ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாட்களில் பாலத்தைச் சீரமைத்தது.

மறைந்திருந்த பழுது

உப்புக்காற்று வேறு வகை எதிரி. ரிவெட் அடித்த தகடுகளின் இடுக்குகளில் தேங்கும் உப்பு ஈரம், பெயிண்டுக்கு அடியிலேயே இரும்பை அரிக்கும். மேற்பூச்சு புதிதாக இருந்தாலும் உள்ளே தகடு மெலிந்திருக்கலாம். 2007-ல் மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதையாக மாறியபின் கனமான ரயில்கள் ஓடின, வேகம் கட்டுப்படுத்தப்பட்டது.

டிசம்பர் 2018-ல் தூக்குப்பகுதியில் விரிசல் கண்டறியப்பட்டு, சுமார் 3 மாதங்கள் ரயில்கள் நின்றன. பின்னர் சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்களின் துணையோடு உணர்கருவிகள் பொருத்தப்பட்டன. இத்தகைய கருவிகள் இரும்பின் திரிபையும் அதிர்வையும் அளந்து, வழக்கமான அளவோடு ஒப்பிடும். அதே எடையுள்ள ரயில், அதே வேகத்தில் கூடுதல் அதிர்வைத் தந்தால் மாறியது ரயிலல்ல, பாலம்.

டிசம்பர் 23, 2022 அன்று, மிகையான அதிர்வு பற்றிய எச்சரிக்கையைத் தொடர்ந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டது. ராமேஸ்வரம் செல்வோர் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி, சாலைப் பாலம் வழியே பேருந்தில் சென்றனர். பழைய பாலத்தில் ரயில் மீண்டும் ஓடவில்லை.

புதிய பாலம்

ஏப்ரல் 6, 2025 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. இதில் 72.5 மீட்டர் நீளப் பகுதி உருளாமல், மின் இயந்திரங்களால் செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. துருவைத் தாமதப்படுத்த துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் சிறப்புப் பூச்சும் பயன்படுத்தப்பட்டுள்ளன. காற்றும் உப்பும் மாறவில்லை. பழைய பாலத்துக்கு நூறாண்டுக்குப் பின் கிடைத்த கவனிப்பு, புதியதற்கு முதல் நாளிலிருந்தே தேவைப்படுகிறது.