கடல்சார் கியர்பெட்டி எண்ணெய்க் குளிர்விப்பான்

கடல்சார் கியர்பெட்டி எண்ணெய்க் குளிர்விப்பான் என்பது உள்ளெந்திரப் படகுகளின் கியர்பெட்டியில் சூடேறும் எண்ணெயைக் கடல்நீரால் குளிர்விக்கும் வெப்பப் பரிமாற்றி ஆகும். துறைமுகப் பட்டறைகளில் இது 'ஆயில் கூலர்' என்றே வழங்கப்படுகிறது. கடல்நீர் இதனை அரித்துவிடுவதால் காலமுறைப்படி மாற்றப்படுகிறது.

அமைப்பு

உருளை வடிவக் கூட்டினுள் மெல்லிய செப்புக் குழாய்கள் அல்லது செம்பு-நிக்கல் குழாய்கள் கற்றையாக அமைந்துள்ளன. குழாய்களின் உள்ளே கடல்நீரும், அவற்றைச் சுற்றி எண்ணெயும் ஓடுகின்றன. பல வகைகளில் துத்தநாகத் தண்டு ஒன்று திருகப்பட்டிருக்கும். செம்புக் கலவை அரிக்கப்படாதவாறு துத்தநாகம் தான் கரைகிறது. பாதி கரைந்ததும் அதனை மாற்ற வேண்டும். அதன் திருகுமரையில் டெஃப்லான் நாடா சுற்றுவது தவறு. உலோகத் தொடர்பு அறுந்தால் தண்டு பயனற்றுப் போகும்.

அரிமானம்

மணல் கலந்த நீர் வேகமாக நுழையும் குழாய் வாய்கள் முதலில் தேய்கின்றன. நிறுத்தப்பட்ட படகில் தேங்கும் நீர் குழிகளை உண்டாக்குகிறது. மாசடைந்த துறைமுக நீரிலுள்ள சல்ஃபைடுகள் செம்பைத் தாக்குகின்றன. பித்தளைப் பாகங்களில் துத்தநாகம் மட்டும் கரைந்து, நுண்துளைகளுள்ள செம்பு எஞ்சும். வடிவம் மாறாது, நிறம் மட்டும் இளஞ்சிவப்பாகும். வெளியில் நல்லதாகத் தோன்றும் குளிர்விப்பான் உள்ளே பழுதுற்றிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விளைவு

குழாய் துளைபட்டால், எந்திரம் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் மிகுதியாதலால் அது நீருடன் கடலுக்குச் செல்கிறது. நீர்ப்பரப்பில் வானவில் நிறப்படலம் தெரியும். எந்திரம் நின்றபின் கடல்நீர் எண்ணெயில் கசிகிறது. எண்ணெய் பால்போல் வெளுத்தால் உடனே கவனிக்க வேண்டும். இல்லையேல் கிளட்ச் தட்டுகளும் தாங்கிகளும் பழுதாகி, எந்திரம் ஓடினாலும் சுழலி சுழலாது. பாக்கு நீரிணை போன்ற குறுகிய கடலில் இது பெரும் இடர். எந்திரப் பழுதால் எல்லை தாண்டிய தமிழக மீனவர்கள் இலங்கையில் கைதான நிகழ்வுகள் உண்டு.

மாற்றும் முறை

கடல்நீர் வால்வை மூடிய பின்னரே குழல்களைக் கழற்ற வேண்டும். மறந்தால் படகினுள் நீர் புகும். எண்ணெயை வடித்து, பழையதை அகற்றி, அதே கொள்ளளவுடைய புதியதைப் பொருத்துவர். இரப்பர் குழல்களையும் கவ்விகளையும் உடன் மாற்றுவது நன்று. கடல்நீர் கலந்திருந்தால் கியர்பெட்டியைப் புதிய எண்ணெயால் பலமுறை அலச வேண்டும், ஒருமுறை போதாது. சிறிது நேரம் ஓட்டியபின் எண்ணெய் மட்டம் மீண்டும் பார்க்கப்படும், குளிர்விப்பானும் குழல்களும் நிரம்புவதால் மட்டம் குறையும். ஐயத்திற்குரிய பழைய குளிர்விப்பானின் துளைகளை அடைத்து, மிதமான காற்றழுத்தம் ஏற்றி நீரில் அமிழ்த்தினால் குமிழிகள் ஓட்டையைக் காட்டும்.

தமிழகத்தில்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேற்றப்பட்டு இத்தகைய பணிகள் நடைபெறுகின்றன. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகுகள் சின்னமுட்டத்தில் கரையேற்றிப் பழுதுபார்க்கப்படுவது வழக்கம்.

இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் அமைந்த விருதுநகர் மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. எனினும் இதே அமைப்புடைய குளிர்விப்பான்கள் ஆலைகளின் காற்றழுத்திகளிலும் பயன்படுகின்றன. நிலத்தடிக் கடினநீரைப் பயன்படுத்துமிடங்களில் அரிமானத்தை விடக் குழாய்களின் உட்சுவரில் படியும் சுண்ணாம்பே முதன்மைச் சிக்கலாகும். அதனை நீர்த்த அமிலத்தால் கழுவி நீக்கலாம். துளைபட்ட கடல்சார் குளிர்விப்பானுக்கு அத்தகைய எளிய தீர்வு இல்லை.